மைதிலியை மேடையிலிருந்து அழைத்த மாலை

போன வாரம் ஒத்திகை முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். "ஏனுங்க்கா, ஷோ நடந்துட்டு இருக்கறப்ப பாடறவங்க ஊட்டுல ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னு போன் வந்தா என்னங்க பண்றது? உடனே சொல்றதுங்களா, முடியட்டும்னு உடறதுங்களா?"

"அப்பறம் சொல்றேன் கண்ணு" என்று நழுவிவிட்டேன். ஒரு வரியில் சொல்கிற மாதிரி என்னிடம் பதில் இல்லை. அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லோரும் படிக்கலாம்.

ஒயர் இழுப்பது, மைக் வைப்பது, எந்தப் பாட்டுக்கு எந்த வெளிச்சம் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வருகிறது. அதில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால் மேடை நிர்வாகம் என்று நாம் சொல்லிக்கொள்கிற வேலையில் பாதி, யாரிடம் எதை எப்போது சொல்வது என்பதுதான். அது எந்த ஒத்திகையிலும் வராது. வருகிற அன்றைக்கு யோசிக்க நேரமும் இருக்காது.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒருவரிடம் உதவியாளராக இருந்தேன். பெயர் வேண்டாம், அவர் இப்போது இல்லை. மேடையில் என்ன கோளாறு வந்தாலும் குரலை உயர்த்தாமல் சரி செய்துவிடுவார். ஒரு மில்லின் மனமகிழ் மன்றத்தில் சாயங்கால நாடகம். கல்யாணத் தரகர் வேஷம் போட்டவர்தான் அன்றைக்குக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். நாடகம் பாதி போயிருக்கும்போது சென்னிமலையிலிருந்து அவருடைய மாமா மொபெட்டில் வந்து இறங்கினார். நடிகரின் அம்மா தவறிவிட்டார் என்று செய்தி. எங்கள் ஆசான் அந்த மாமாவை ஒப்பனை அறையில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, திரை விழும்வரை வெளியே விடவில்லை.

நாடகம் முடிந்து முகத்தில் பவுடரோடு உள்ளே வந்தவர் மாமாவைப் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்கவில்லை. "எப்ப வந்தீங்க மாமா?" என்றுதான் கேட்டார். மாமா கையிலிருந்த காலி கிளாஸையே பார்த்தார். நடிகர் முகத்தைக்கூடக் கழுவாமல் மொபெட்டில் ஏறிப் போய்விட்டார். தரகர் வேஷத்துச் சட்டையும் குடையும் பத்து நாள் கழித்து வேறு யார் கையிலோ வந்து சேர்ந்தன. அவர் வரவே இல்லை. எந்தக் குழுவிலும் பிறகு நடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

"சொல்லியிருந்தா மட்டும் அம்மா எந்திரிச்சு வந்திருக்குமா?" என்றார் ஆசான். அப்படிச் சொன்னாலும், அன்றைக்குப் பிறகு அவர் அந்த மன்றத்தில் நாடகம் வைக்க ஒத்துக்கொண்டதே இல்லை.

அதிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யார் வீட்டிலாவது யாராவது படுக்கையில் இருந்தால், நிகழ்ச்சிக்கு முன்பே அவரைத் தனியாக அழைத்து, "செய்தி வந்தா உடனே சொல்லட்டுமா, முடிஞ்சப்பறம் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிடுவேன். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். சிலர் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அவரவர் சொன்னபடி செய்துவிட்டால் நம் மேல் பாரம் இல்லை என்று நினைத்திருந்தேன். வேலுச்சாமி அண்ணன் பாட்டு நிகழ்ச்சிவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வேலுச்சாமி அண்ணனை உங்களுக்குத் தெரிந்திருக்காது. கருமத்தம்பட்டிக்காரர். வீட்டை ஒட்டி விசைத்தறிக் கூடம். பகலெல்லாம் தறி, பாவு, நூல் என்று ஓடுவார். மிச்ச நேரத்தில் நாடகங்களுக்குப் பாட்டு போடுவார். பேச்சு குறைவாகவும் பாட்டு நிறையவும் இருக்கிற நாடகங்கள். கதையே பாட்டில்தான் நகரும். மஞ்சள் மண்டி ஏலத்தை ஒரு பாட்டாகப் போட்டிருந்தார், விலை ஏற ஏறச் சுருதியும் ஏறும். பந்தியில் யாருக்கு முதல் இலை என்று சம்பந்தி வீட்டார் இருவர் சண்டை போடுகிற பாட்டு ஒன்று. காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட ஒருத்தி பாடுகிற பாட்டு ஒன்று. அதைக் கேட்டுவிட்டு யாரும் உடனே கை தட்டமாட்டார்கள், கொஞ்ச நேரம் ஆகும். பேட்டிக்கு வருகிறவர்கள் எல்லோரும் "உங்க தாளம் தறிச் சத்தத்துல இருந்து வந்ததுங்களா?" என்று கேட்பார்கள். "தறிச் சத்தத்துல தலவலிதானுங்க வரும், தாளம் எங்க வரும்" என்பார்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் மைதிலி, கோயம்புத்தூரில் பேங்கில் வேலை. இளையவன் சிவா, அப்பாவோடு தறியைப் பார்த்துக்கொண்டான். மைதிலி நன்றாகப் பாடுவாள். ஆனால் அண்ணன் தன் நாடகத்தில் அவளை ஒரு பாட்டுக்கூடப் பாட விட்டதில்லை. "புள்ளைக்கு ரேடியோக் குரல். என் பாட்டுக்குத் தொண்டைல கொஞ்சம் மண்ணு வேணும்" என்பார். அவள் முன்னாலேயே சொல்வார். அவளும் சிரித்துக்கொள்வாள். நாற்பது வயதுவரை அப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அண்ணனுக்கு நுரையீரலில் நோய் என்று தெரிந்த பிறகு, அவருடைய பாட்டுகளை மட்டும் எடுத்து ஒரு சின்ன நிகழ்ச்சி செய்யவேண்டும் என்று மைதிலிதான் என்னிடம் வந்தாள். நாடகம் கிடையாது. ஒரு கீபோர்டு, ஒரு தபேலா, இரண்டு குரல். பாட்டுக்கு நடுவே அது எந்த நாடகத்தில் வந்தது, எப்படிப் பிறந்தது என்று நாலு வார்த்தை. இடைவேளை கிடையாது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று மாலைகள்.

இடம் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி. முன்பு சேலைக் கடையாக இருந்தது. எண்பது நாற்காலி போட்டால் அதற்கு மேல் கால் வைக்க இடமிருக்காது. முன்வரிசையில் இருப்பவர் காலை நீட்டினால் பாடகர் காலில் படும். அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போது பாடுகிறவர் எச்சில் விழுங்குவதுகூடத் தெரியும். எதையும் மறைக்க முடியாத மேடை அது.

இரண்டாவது குரலும் கீபோர்டும் ரஹீம் பாய். கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருந்தார். அண்ணனுடைய முதல் நாடகத்திலிருந்து அவர்தான் ஆர்மோனியம். அண்ணன் மெட்டைச் சீட்டியடித்துக் காட்டுவார், பாய் அதைக் கட்டையில் பிடிப்பார். இருவரும் உட்கார்ந்து வேறு எதைப் பற்றியாவது பேசி நான் பார்த்ததில்லை.

ஒத்திகைக்கு ஒரே ஒரு தடவை அண்ணன் வந்தார். படியேற முடியாமல் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எல்லாப் பாட்டையும் கேட்டார். மைதிலி பஸ் ஸ்டாண்ட் பாட்டைப் பாடி முடித்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர், "ரெண்டாவது சரணம் ஓடுது. நடந்து போ" என்றார். அவ்வளவுதான். நன்றாயிருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அடுத்த வாரமே அவரை அவிநாசி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு. நினைவு வருவதும் போவதுமாக இருந்து, பிறகு வராமலே போயிற்று.

நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கலாமா என்று மைதிலியிடம் கேட்டேன். "எதுவரைக்கும்ங்க்கா தள்ளிவெக்கறது?" என்றாள். அப்போதுதான் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். ஏதாவது ஆகிவிட்டால் எப்போது சொல்லட்டும்?

கோபப்படவில்லை. முன்பே யோசித்து வைத்திருந்த மாதிரி சொன்னாள். "முடிஞ்சப்பறம் சொல்லுங்க்கா. பாதில சொன்னா நானும் பாடமாட்டேன், அங்க போயும் ஒண்ணும் பண்ணமாட்டேன். அவரு பாட்ட அரைகொறையா நிறுத்துனா அவருக்கே புடிக்காது."

"சிவாகிட்டச் சொல்லிப்போட்டயா?"

"சொல்லிட்டேனுங்க. அவன் உங்களுக்குத்தான் போன் பண்ணுவான். என் போன ஆஃப் பண்ணி உங்ககிட்டயே குடுத்தர்றேன்."

"சரி அம்மணி" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. சனிக்கிழமை நாற்காலிகள் நிரம்பிவிட்டன. பாதிப்பேர் அண்ணனோடு நாடகம் போட்டவர்கள், அவர்களுடைய குடும்பங்கள். மஞ்சள் மண்டிப் பாட்டுக்கு அவர்களே விலை கேட்டுக் கத்தினார்கள். அதற்கடுத்து மைதிலி பஸ் ஸ்டாண்ட் பாட்டை எடுத்தாள். நான் பக்கவாட்டில் கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவள் இரண்டாவது சரணத்துக்கு வரும்போது என் போன் அதிர்ந்தது.

சிவா.

"அக்கா, அப்பா கண்ண முழிச்சிட்டாருங்க."

நான் எதிர்பார்த்த செய்தி அது இல்லை. திரையை விட்டு நகர்ந்து படிக்கட்டுப் பக்கம் வந்தேன். "பேசறாரா?"

"ம். மைதிலி எங்கன்னு அக்காவத்தான் கேக்கறாருங்க."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"பிரஷர் எறங்கிட்டே இருக்குதாம். வரவேண்டியவங்கள வரச்சொல்லீருங்கன்னு சொல்லிப்போட்டாருங்க."

"சரிப்பா, நான் பாக்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். அவள் எனக்குக் கொடுத்த பதில் சாவுக்கானது. சாவுச் செய்தி காத்திருக்கும், இன்னும் முக்கால் மணி நேரம் கழித்துச் சொன்னாலும் அது மாறப்போவதில்லை. இது காத்திருக்காது. அவர் விழித்திருக்கிறார், கேட்கிறார். நான் முன்கூட்டிக் கேட்டு வாங்கி வைத்திருந்த பதில் இந்தக் கேள்விக்குப் பொருந்தவே இல்லை. கேட்டுவிட்டேன், இனி என் மேல் பாரமில்லை என்று இருந்தேனே, அந்தப் படிக்கட்டில் நின்றபோது முழுப் பாரமும் என் மேல்தான் இருந்தது.

பாட்டு முடிந்தது. வழக்கம்போலக் கை தட்டக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தக் கைதட்டலுக்குள் நான் மேடைக்குள் நடந்துபோனேன். நிகழ்ச்சி நடக்கும்போது பார்வையாளர் கண்ணில் நான் பட்டதே இல்லை, அன்றைக்குத்தான் பட்டேன். பாய் பக்கத்தில் குனிந்தேன்.

"பாய், இனி நீங்க தனியாப் பாத்துக்கோங்க. மைதிலிய நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஆயிப்போச்சுங்களா?" என்றார். உதடு அசையவில்லை.

"இல்ல. முழிச்சிருக்காரு."

பாய் ஒரு நொடி கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "அம்மணிக்குத் தண்ணி தாகமாமுங்க. வர்றவரைக்கும் என் குரலக் கொஞ்சம் பொறுத்துக்கோங்க." கூட்டம் சிரித்தது. சம்பந்திச் சண்டைப் பாட்டை இரண்டு குரலிலும் அவரே பாட ஆரம்பித்தார்.

மைதிலியின் கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிவந்தேன். சேலைக் கடையாக இருந்தபோது உடை போட்டுப் பார்க்கிற அறை அது. மூன்று பக்கமும் கண்ணாடி. "என்னங்க்கா, சேல பின்னால தொங்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா முழிச்சிருக்காரு. சிவா இப்பத்தான் பேசுனான்."

"முடிஞ்சப்பறம் சொல்லுங்கன்னேனே?"

"நீ சொன்னது வேற விசயத்துக்கு அம்மணி. இது அது இல்ல. ரொம்ப நேரம் இருக்காதுன்னு டாக்டர் சொல்றாராம்."

"என்னக் கேட்டாரா?"

"பேரு சொல்லிக் கேட்டாராம்."

அவள் முகத்தில் மகிழ்ச்சி வரும் என்று நினைத்தேன். குழப்பம்தான் வந்தது. "அவரு எம் பேரச் சொல்லி நான் கேட்டதே இல்லைங்க்கா. புள்ளம்பாரு. இல்லைனா ஏம்மாம்பாரு." பிறகு மேடைப் பக்கம் பார்த்தாள். "இன்னும் பாதிப் பாட்டு இருக்குதுங்களே."

"பாட்டுக்குப் பாய் இருக்காரு."

போ என்று நான் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதைச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டிய நேரம் உண்டு. மேலே ஒரு வார்த்தை சொன்னாலும் அவளுடைய முடிவை நான் எடுத்த மாதிரி ஆகிவிடும். அந்தப் பக்கம் பாய் சம்பந்தியம்மா குரலில் இலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே அவள் உதட்டுச் சாயத்தைப் புறங்கையால் துடைத்தாள். "போறேனுங்க்கா" என்றாள். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கிளம்பமாட்டார்கள், வாரேன் என்றுதான் சொல்வார்கள். கீழே டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் காரை எடுத்தார். அவளுடைய செருப்பு மேலேயே கிடந்தது.

அடுத்த கவலை, கூட்டத்துக்கு என்ன சொல்வது. தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வரவில்லை என்றால் கேட்பார்கள். அண்ணன் கடைசி நேரத்தில் இருக்கிறார் என்று மேடையில் சொன்னால், பிறகு வருகிற ஒவ்வொரு பாட்டையும் அதை வைத்துத்தான் கேட்பார்கள். அவருடைய சாவை நாமே மேடையில் ஏற்றிவிட்ட மாதிரி ஆகும். அவர் பிள்ளைகளுக்கே இன்னும் அது நடக்கவில்லை. நான் போய், "மைதிலி அவசரமா வீட்டு வேலையாக் கிளம்பவேண்டியதாயிருச்சுங்க. மீதிப் பாட்டு ரஹீம் பாய் பாடுவாரு" என்று மட்டும் சொன்னேன். தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

பாய் பாடினார். அவருக்குக் குரல் பெரிதாக இல்லை. அண்ணன் கேட்ட மண்ணெல்லாம் அந்தத் தொண்டையில்தான் இருந்தது. ஒவ்வொரு பாட்டாக, அது எந்த வீட்டில், எந்த மழை நாளில் போட்ட மெட்டு என்று சொல்லிச் சொல்லிப் பாடினார். தபேலாக்காரர் அவர் முகத்தையே பார்த்து வாசித்தார். கடைசிக்கு முந்தின பாட்டு. அக்காளும் தம்பியும் வீட்டைப் பாகம் பிரிக்கிற நாடகத்தில் வருவது. மெதுவான பாட்டு, அதற்கு விளக்கை நன்றாகக் குறைத்திருந்தோம்.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு போன் வெளிச்சம் எரிந்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் இடது ஓரத்தில் நாலைந்து. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற யாரோ சொந்தக்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் போன் வரவில்லை. எனக்குத் தெரிவதற்கு முன்பே கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டது. இருட்டில் ஒவ்வொரு முகமாகக் கீழிருந்து வெளிச்சம் விழுந்து, அணைந்தது. ஒரு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், பாய் பாடிக்கொண்டிருந்தார்.

அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு வரியைத் தொடங்கினார், முடிக்கவில்லை. கை கட்டையிலேயே இருந்தது. தபேலா இரண்டு தட்டு தனியாக வாசித்துவிட்டு நின்றது.

விளக்கை முழுதாகப் போடுவதா, இப்படியே விடுவதா? விளக்குப் பலகையில் இருந்தவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அந்த நேரத்தில் யார் முகத்தையும் யாரும் பார்க்கவேண்டியதில்லை என்று தோன்றியது.

பாய் பேசினார். மைக்கைத் தள்ளிவைத்துவிட்டுச் சாதாரணமாகத்தான் பேசினார். "அண்ணன் போயிட்டாருங்க போலிருக்குது. எனக்கு இதுக்கு மேல கை வரலைங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

யாரும் கை தட்டவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, நாற்காலி சத்தம் போடாமல் நகர்த்தி, படியிறங்கிப் போனார்கள். கூட்டம் போன பிறகுதான் விளக்கைப் போட்டோம். பாய் கீபோர்டுக்குத் துணி போர்த்திவிட்டு, அதன் மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டார். ஞாயிறு நிகழ்ச்சி நடக்கவில்லை. அதற்குப் பிறகும் நடக்கவில்லை. முதலாண்டு நினைவுக்குத் திரும்பச் செய்யலாம் என்று சிலர் கேட்டார்கள். மைதிலி வேண்டாம் என்றுவிட்டாள், பாயும் அப்படியே சொன்னார்.

நான் செய்தது சரியா என்ற கேள்வி என்னைத் தின்றுகொண்டிருந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு பகலில் பஸ் ஏறிக் கருமத்தம்பட்டிக்குப் போனேன். அவளுடைய செருப்பை ஒரு பையில் எடுத்துப்போயிருந்தேன். தறிக்கூடம் திரும்ப ஓட ஆரம்பித்திருந்தது. சிவா அங்கே இருந்தான். மைதிலி கூடத்தில் அப்பாவின் துணிமணிகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் கேட்காமலே சொன்னாள். அவிநாசி ரோட்டில் பாலத்துக்குக் கீழே வண்டி நகரவே இல்லையாம். இறங்கி ஓடலாமா என்று நினைத்தாளாம். வாசலில் இருந்த காவலாளி அவளுடைய ஒப்பனையையும் வெறுங்காலையும் பார்த்து உள்ளே விட யோசித்தாராம். உள்ளே போனபோது அப்பா விழித்திருந்தார். கூரையைப் பார்த்தபடி இருந்தார். கையைப் பிடித்தாள். மெதுவாக முகத்தைத் திருப்பினார்.

"முடிஞ்சுதான்னு கேட்டாருங்க்கா. முடிஞ்சுதுங்கப்பா, நல்லா முடிஞ்சுதுன்னு சொன்னேன். கண்ண மூடிக்கிட்டாரு. அப்பறம் பேசல." துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "பாதில எந்திரிச்சு வந்தவ நானு. அவருகிட்டக் கடைசியாப் பொய்யத்தான் சொல்லிப்போட்டேன்."

ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது சிவா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. தலையிலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அக்கா, அவரு அதையேதான் எங்கிட்டயும் கேட்டாரு" என்றான். "சாயந்தரம் முழிச்சதுல இருந்து. முடிஞ்சுதா, முடிஞ்சுதான்னு. எது முடிஞ்சுதான்னு தெரியல. உன்ற ஷோவக் கேட்டாரோ, தறில என்னமோ நெனச்சுக்கிட்டாரோ, இல்ல ஆஸ்பத்திரில இருந்து எப்பப் போறதுன்னு கேட்டாரோ. ரெண்டு மூணு தடவ கேட்டாரு. என்ன சொல்றதுன்னே எனக்குத் தெரியல."

மைதிலி நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்னக் கேக்கலைக்கா. பேரு சொல்லல. நாந்தான் அப்படிச் சொன்னேன்." என்னைப் பார்த்தான். "மன்னிச்சுக்கோங்க்கா. அவரு கேக்கறாருன்னு சொன்னாத்தான் நீங்க இவளக் கூப்புடுவீங்கன்னு நெனச்சுப்போட்டேன். எனக்குத் தனியா நிக்க முடியலைங்க."

நாற்பதை நெருங்கின ஆள். பத்துப் பேருக்கு வேலை கொடுக்கிறவன். படியில் நின்றபடி அழுதான்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இந்த ஒன்றைத்தான். அந்தச் சனிக்கிழமை போனில் நான் கேட்டதெல்லாம் நோயாளியைப் பற்றி. பேசுகிறாரா, டாக்டர் என்ன சொல்கிறார், எவ்வளவு நேரம். எல்லாம் வேலைக்கு வேண்டிய கேள்விகள். பேசி முடித்த பிறகும் சிவா போனை வைக்கவில்லை, நான்தான் வைத்தேன். "நீ எப்படிப்பா இருக்க? கூட யாரு இருக்கா?" என்று அவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மை அப்போதே வந்திருக்கும். அவனுக்குத் துணையாக வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். இல்லை, உன் தம்பிக்கு நீ வேணுமாம் என்று மைதிலியிடமே சொல்லியிருக்கலாம். அப்போதும் அவள் போயிருப்பாள். செய்தியை மட்டும் கேட்டேன், கொண்டுவந்தவனைக் கேட்கவில்லை. எங்கள் ஆசான் அந்த மாமாவுக்கு டீயாவது வாங்கிக் கொடுத்தார்.

ஆக, கேட்ட பெண்ணுக்கு: உடனே சொல்வதா, முடிந்த பிறகா என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள், அது நல்ல பழக்கம்தான். ஆனால் நீ கேட்டு வைத்த மாதிரி செய்தி வராது. வரும்போது, எதிர்முனையில் இருப்பவரோடு இன்னும் ஒரு நிமிஷம் பேசு. பாட்டு ஒரு நிமிஷம் ஓடட்டும், ஒன்றும் ஆகாது.

அன்றைக்குச் சிவா அழுததைப் பார்த்து மைதிலி மடிப்பதை நிறுத்தினாள். மடித்த வேட்டி மடியிலேயே கிடந்தது. பிறகு சொன்னாள். "உனக்கு வேணும்னு சொல்லியிருந்தாலே வந்திருப்பேன்டா. ஒம் பேரச் சொல்லியே கூப்புட்டிருக்கலாம்ல."

"தெரியலைக்கா. பயமா இருந்துச்சு."

"வா இங்க."

அவன் உள்ளே வந்து அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தான். அவள் துணிகளை ஒருபக்கம் ஒதுக்கிவைத்தாள்.

"நான் வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு மொதல்ல இருந்து சொல்லு. அவரு கண்ண முழிச்சதுல இருந்து. ஒண்ணையும் உட்ராத."

சிவா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான். நான் செருப்புப் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, அவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.